சட்டை முட்டை

காலையில் எழுந்ததும் அவன் டீக்குத் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் பல் தேய்த்துவிடுவான். டீயை நின்றபடியே குடிப்பான். பிறகு பின்பக்கத்து வராந்தாவுக்குப் போய், கம்பிக் கூண்டின் மூன்று தட்டிலும் காடைகளுக்குத் தீனி போடுவான். கிண்ணங்களில் இருக்கும் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைப்பான். குளிப்பான். மடித்து வைத்த சட்டைகளில் மேலாக இருப்பதை மாட்டிக்கொள்வான். கேட்டைச் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பான். அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான்.

வீட்டில் பேச ஆள் இல்லாமல் இல்லை. மாமியார் இருந்தாள். மகளின் நோய்க்குத் துணையாக ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள். மகள் மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. அத்தை இன்னும் போகவில்லை. போங்கள் என்று அவன் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை.

அவன் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்கிறவரை அத்தை உள்ளறையை விட்டு வெளியே வரமாட்டாள். மாப்பிள்ளை அவசரமாகக் கிளம்புகிற நேரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கக் கூடாது என்று, விழித்துக்கொண்டே படுத்திருப்பாள். அவனோ, வயதானவர் நம்மால் சீக்கிரம் எழவேண்டாமே என்று கால் சத்தம் கேட்காமல் பூனை மாதிரி நடப்பான். சாயங்காலம் திரும்பி வந்தால் சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கும்.

"எடுத்து வச்சிருக்கேன் மாப்ள."

"சரி அத்தை."

"போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா?"

"போதும் அத்தை."

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. பஸ்ஸில் சிலர் "நீங்க உக்காருங்க", "பரவால்ல, நீங்க உக்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே கடைசி நிறுத்தம்வரை நின்றுகொண்டு போவார்கள். நடுவில் இருக்கை காலியாகவே போகும். அந்த வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நகரத்துக் குடிநீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. தெருவில் அவனுக்குத் 'தண்ணி சார்' என்று பெயர். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால் 'சரி' என்று எழுத வேண்டும். மனைவி போனபிறகு எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் அவனும் சரி என்றுதான் சொன்னான். பொய் சொல்லவில்லை. உள்ளே எந்த நிறமும் மாறவில்லை.

காடைகளைக் கொண்டுவந்தது அவன் மனைவி. ஒரு பேக்கரியில் பொருள் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். அங்கே வேகவைத்த முட்டையைச் சுற்றி, தோலுக்குள் அடைத்து விற்கிற அரைத்த சாசேஜ் இறைச்சியை அப்பி, ரொட்டித் தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்து விற்பார்கள். கோழி முட்டையில் செய்வதால் அது ஒரு பந்து அளவுக்கு இருக்கும். வெளியே கருகினாலும் உள்ளே இறைச்சி வேகாது. வாங்கியவர்கள் பாதியைத் தின்றுவிட்டு மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் அதைப் பார்த்துப் பார்த்து யோசித்திருக்கிறாள். ஒருநாள் காடைக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கினாள். காடை முட்டையில் செய்தால் இரண்டு கடிக்கு ஒன்று. வாய்க்கும் வசதி, எண்ணெய்க்கும் வசதி.

பெயரும் அவள் வைத்ததுதான். "முட்டைக்குக் குளிராதா? பாவம். அதான் சட்டை போட்டு விடறேன்" என்றாள். அன்றிலிருந்து அது சட்டை முட்டை.

சனிக்கிழமைகளில் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து மூன்று பேரும் உட்காருவார்கள். முட்டை உரிப்பது அவன் வேலை. அத்தை அப்போது மகன் வீட்டிலிருந்து அந்த ஒரு நாளைக்கு மட்டும் வந்துபோவாள். இறைச்சி பிசைவதும் பொரிப்பதும் அவளுடையது. நடுவில் உட்கார்ந்து சுற்றுகிறவள் மனைவி. அந்த இடத்துக்கு வேறு யாரையும் விட்டதில்லை.

அவள் போனபிறகு யாரும் சட்டை முட்டை செய்யவில்லை. முட்டைகளை அத்தை வேகவைத்து மேசைமேல் வைப்பாள். மிச்சம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் போகும். பிறகு முட்டையும் குறைய ஆரம்பித்தது. தட்டுத் தட்டாக நிறைந்து கிடந்த இடத்தில் ஒன்று இரண்டு உருண்டது. அதிலும் சிலது ஓடு மெலிந்து, தொட்டால் நசுங்கியது. அவன் தன் தொழில் புத்தியைக் காட்டினான். காடைகள் குடிக்கிற தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தான். நிறம் மாறவில்லை. 'சரி' என்று எழுதி, சீசாவைக் கவிழ்த்துவிட்டு வந்தான். அத்தையிடம் சொல்லவில்லை. மகள் வளர்த்த பறவைகளுக்கும் ஏதோ ஆகிவிட்டதே என்று அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் செய்தார். மனைவியின் அண்ணன். வேன் ஓட்டுகிறவர். போனில் பேசினாலும் பக்கத்து வண்டிக்காரனிடம் பேசுகிற மாதிரி கத்துவார்.

"மாப்ள, அம்மா உங்களுக்குப் பாரமா இருக்காங்களா?"

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

"நான் கூட்டிட்டு வந்துடட்டுமா? நீங்க என்ன சொல்றீங்க?"

இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். மகளே இல்லாத வீட்டில் ஒரு அம்மாவை இருக்கச் சொல்ல நான் யார் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது.

"அவங்க இஷ்டம் மச்சான்" என்றான்.

மச்சான் அதே கேள்வியை அம்மாவிடமும் கேட்டார். அம்மா, "மாப்ளைக்கு எது சௌகரியமோ அப்பிடிச் செய்" என்றாளாம். இரண்டு பதிலையும் கூட்டிப் பார்த்த மச்சான், அடுத்த ஞாயிறு மத்தியானம் வேனோடு வருவதாகச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

அந்த வாரம் முழுக்க மேசைமேல் மூடியிருந்த சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தான். காரணம் தெரிந்தது. சொல்லத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அத்தை உள்ளறையில் இல்லை. தகரப் பெட்டி கயிறு கட்டி, கதவோரம் நின்றுகொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் அவள் வெளியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தாள். கையில் ஒரு பை.

"மாப்ள, இருக்கீங்களா?"

"இருக்கேன் அத்தை."

"சாசேஜ் வாங்கியாந்தேன். ஒரு வாரமா முட்டையச் சேத்து வச்சிருக்கேன். போறதுக்கு முன்ன ஒரு தடவ சட்டை முட்டை போட்டுக் குடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்குப் பிடிக்குமே."

அவன் பையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"நான் உரிச்சுத் தரேன்" என்றான்.

முட்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் மெதுவாக இறக்கினான். மூன்று நிமிடம். எடுத்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டான். தரையில் செய்தித்தாளை விரித்தான். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லி விட்டதில்லை.

முட்டையைத் தரையில் லேசாக உருட்டினால் ஓடு நொறுங்கும். மழுங்கிய முனையில் நகத்தால் கிள்ளி, தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சுற்றினால் புள்ளி போட்ட ஓடு ஒரே சுருளாகக் கழன்றுவரும். முதல் ஐந்தாறு அப்படித்தான் வந்தன. அடுத்தது வெள்ளைக்கருவையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

"இது எப்ப இட்டது அத்தை?"

"நேத்து சாயங்காலம். ஏன்?"

"அதான். புது முட்டை ஒட்டிக்கும். நாலஞ்சு நாள் ஆகணும்."

"அப்பிடியா? மனுஷங்களும் அப்பிடித்தான். கல்யாணமான புதுசுல ஒட்டிக்கிட்டே திரிவாங்க. அப்புறம் தன்னால கழண்டுக்குவாங்க."

சொல்லிவிட்டு அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனுக்கு மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. என்னவென்று அவனுக்கே விளங்கவில்லை. சிரிப்புதான். ரொம்ப நாளாக உபயோகத்தில் இல்லாததால் வழி தெரியாமல் மூக்குப் பக்கம் போயிருந்தது.

அத்தைக்குத் தைரியம் வந்தது. சாசேஜைத் தூக்கிப் பிடித்து ஒரு முனையிலிருந்து பிதுக்கினாள்.

"இது என்ன மாப்ள, பல்லு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி. பிதுக்கப் பிதுக்க கை வலிக்குது."

"கத்தியால நீளமா ஒரு கோடு போட்டுட்டு உரிங்க. தோல் தனியா வந்துடும்."

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே."

"நல்லாயிருக்கு போங்க. வாயத் தொறந்து சொல்லக் கூட விண்ணப்பம் போடணுமா?"

இறைச்சியில் பொடியாக அரிந்த வெங்காயமும் மிளகுத் தூளும் போட்டுப் பிசைந்தாள். உப்பு டப்பாவை எடுத்தவள், சாசேஜிலேயே உப்பு இருக்கிறது என்று நினைவு வந்து மூடிவைத்தாள். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இனிமேல் சுற்ற வேண்டும்.

இரண்டு பேரும் நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்கள்.

"சுத்தறது எப்பிடின்னு பாத்திருக்கீங்கல்ல?" என்றாள் அத்தை.

"பாத்தேன். நீங்க?"

"நானும் பாத்தேன். ஆனா நான் சட்டியப் பாத்துக்கிட்டிருப்பேன். பாதிதான் பாத்தேன்."

அத்தை இறைச்சியில் ஒரு உருண்டை எடுத்து உள்ளங்கையில் தட்டினாள். முட்டையை நடுவில் வைத்து மூடினாள். அடித்த முட்டையில் முக்கி, ரொட்டித் தூளில் புரட்டி, எண்ணெயில் விட்டாள். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் குமிழி விட்டது. பிறகு ஒரு பக்கம் வாய் பிளந்தது. இறைச்சி ஒரு திசையில் போக, முட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வந்து எண்ணெயில் நீந்தியது.

"இதப் பாருங்க! சட்டையக் கழட்டிப் போட்டுட்டு குளிக்குது!"

இரண்டாவதும் குளித்தது. மூன்றாவது டப்பென்று வெடித்து அடுப்பு மேடையெல்லாம் எண்ணெய் தெறித்தது.

சத்தம் கேட்டு, பின்பக்கத்து மதில்மேல் தையல்காரம்மாவின் தலை முளைத்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அந்த அம்மாவின் தையல் மெஷின் ஜன்னலோரம்தான் இருந்தது. வராந்தா முழுக்க அங்கிருந்து தெரியும்.

"என்ன சார், வாசன தெருவத் தூக்குது?"

"சட்டை முட்டைம்மா" என்றான் அவன், சமையலறை வாசலில் நின்றுகொண்டு.

"சட்டையா? தையல்காரி நான் ஒருத்தி இங்க இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" கண்ணை இடுக்கிக்கொண்டு அத்தையின் கையிலிருந்த ஜல்லிக்கரண்டியைப் பார்த்தாள். "அடடா, தையலே நிக்கலியே."

"உங்க வேலையப் பாருங்கம்மா, நாங்களே எரிச்சல்ல இருக்கோம்" என்றாள் அத்தை.

எரிச்சல் உண்மைதான். இருந்ததே ஒரு தட்டு முட்டை. அதில் மூன்று வீணாகிவிட்டது.

"நீங்க ரொம்ப மெல்லிசா சுத்தறீங்க அத்தை."

"அவ அப்பிடித்தான் சுத்துவா."

"இல்ல. தடியா சுத்துவா."

"நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா?"

"நான் பக்கத்துல உக்காந்திருந்தவன். எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் தன் குரல் உயர்ந்திருப்பது அவன் காதில் விழுந்தது. அத்தை ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மகள் போன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. இப்போது இரண்டு பேரும் அவளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, சொல்லுங்க" என்றாள் அத்தை. குரல் இறங்கியிருந்தது. "நீங்க அந்தப் பக்கம் உக்காந்து என்ன பாத்தீங்க?"

அவன் யோசித்தான். முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்தால் அது ஆஸ்பத்திரி முகமாகவே வந்தது. அதைத் தள்ளிவிட்டு, சனிக்கிழமைத் தரையை நினைத்தான்.

"தரை வெள்ளையா இருக்கும்" என்றான். "எல்லாம் முடிஞ்சு எந்திரிச்சா, என் பக்கம் பேப்பரெல்லாம் மாவு. என் முழங்கால்ல கூட இருக்கும். தட்டிவிட்டா சிரிப்பா."

"மாவா? மைதாவா?"

"மைதாதான். முட்டைய முதல்ல அதுல உருட்டியிருக்கணும். முட்டை ஈரமா இருந்தா இறைச்சி பிடிக்காம வழுக்கும்ல."

"அதான் குளிக்குது!" அத்தை உட்கார்ந்துவிட்டாள். "ஆனா அவ கையில மாவே இருக்காதே. என்கிட்ட நீட்டறப்ப கை பளபளன்னு இருக்கும். ஈரக் கையாலதான் நீட்டுவா. என் பக்கம் ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சிருப்பா. நான் அத குடிக்கிற தண்ணின்னு ஒருநாள் குடிச்சே தொலச்சேன்."

"நீங்களா குடிச்சீங்க? என்னையக் கேட்டா அவ."

"சொல்லல மாப்ள. வெக்கமா இருந்துச்சு."

முட்டைக்கு மாவு. கைக்குத் தண்ணீர். ஒரு பாதியை அவன் பார்த்திருந்தான், மறுபாதியை அத்தை பார்த்திருந்தாள். அவன் முட்டையைத் துணியில் ஒற்றி, மைதாவில் உருட்டிக் கொடுத்தான். அத்தை கையை நனைத்துக்கொண்டு, இறைச்சியைத் தட்டி, முட்டையை வைத்து, விளிம்புகளை இழுத்து மூடி, ஈர விரலால் வழித்துவிட்டாள். மூடிய இடம் எங்கே என்று தேடினாலும் தெரியவில்லை. எண்ணெயில் ஒரு சிட்டிகை ரொட்டித் தூளைப் போட்டுப் பார்த்தாள். அது நிதானமாக மேலே வந்தது. உருண்டையை இறக்கினாள்.

இரண்டு பேரும் சட்டியையே பார்த்தார்கள். அது புரண்டது. பொன்னிறமானது. பிளக்கவில்லை.

"நிக்குது மாப்ள."

"நிக்குது அத்தை."

அவள் அதை எடுத்து, சூடு ஆறுவதற்குள் கத்தியால் இரண்டாக வெட்டினாள். வெளியே ரொட்டித் தூள், அடுத்து இறைச்சி, அடுத்து வெள்ளை, நடுவில் கொஞ்சம் இளகிய மஞ்சள். ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் வாயில் போட்டான். நாக்கு சுட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒன்றின் ருசி தெரிந்தது. உப்பு, மிளகு, கொழுப்பு, பிறகு சாதுவாக அந்த முட்டை. கண்ணில் தண்ணீர் வந்தது. சூட்டினால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அத்தைக்கும் வந்தது. அவள் தன் பாதியை இன்னும் வாயில் வைக்கவேயில்லை.

மளமளவென்று வேலை நடந்தது. முட்டை தீர்ந்தபோது இறைச்சி பாதிக்குமேல் மிச்சமிருந்தது.

"இன்னும் ஒரு தட்டு போட்டிருக்கலாம்" என்றாள் அத்தை. "முட்டைக்கு எங்க போறது? என் கை அப்பிடி. நான் பாத்துக்கிட்ட பொண்ணும் போயிட்டா. நான் பாத்துக்க ஆரம்பிச்சதும் பறவைங்களும் நிறுத்திடுச்சு. அதுங்களுக்கும் அவ இல்லாத ஏக்கம். நான் போயிட்டா சரியாயிடும்."

அவள் ரொட்டித் தூளை டப்பாவில் கொட்டிக்கொண்டே, சும்மா பேசுவதைப் போலத்தான் இதைச் சொன்னாள்.

"நீங்க எங்க பாத்துக்கிட்டீங்க?" என்றான். ஆறுதலாகச் சொல்ல நினைத்தது அப்படி வந்து விழுந்தது. "நான்தானே தினமும் தீனி போடறேன். குத்தம்னா அது என் குத்தம்."

அத்தை நிமிர்ந்தாள். "நீங்களா? எப்ப?"

"காலையில. டீ குடிச்சதும்."

"நான் போடறேனே மாப்ள! நீங்க கேட்டைச் சாத்தினதும் முதல் வேல எனக்கு அதுதான். ஆளுக்குப் பறவைங்க நெனப்பே இல்லயே, பாவம், துக்கத்துல இருக்காருன்னு நானே..."

"தொட்டியில தீனி இருக்குமே, பாக்கலியா?"

"முந்தின நாள் மிச்சம்னு நெனச்சேன். அதுக்கு மேலதான் போடுவேன். ரொம்பிப் போய் வழியும்."

மதில்மேல் தையல்காரம்மாவின் தலை மறுபடி எழுந்தது. அது எங்கேயும் போகவே இல்லை போலிருக்கிறது.

"ரெண்டு பேரும்தான் போடறீங்க. நான் தினமும் மெஷின்ல உக்காந்து பாக்கறேனே. சார் ஒரு டப்பா, நீங்க ஒரு டப்பா."

"பாத்துக்கிட்டு சும்மாவா இருந்தீங்க?" என்றாள் அத்தை.

"படிச்ச வீடு. ஏதாவது கணக்கு வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவன் வராந்தாவுக்குப் போய் ஒரு காடையைக் கையில் எடுத்தான். கூண்டைத் திறந்தாலே படபடவென்று எகிறுகிற ஜாதி அது. இது உள்ளங்கையில் மெத்தை மாதிரி உட்கார்ந்து, அவனையே அசட்டையாகப் பார்த்தது. மார்புச் சிறகை ஊதிப் பார்த்தான். தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்பு. கொழுத்த பறவை ஒழுங்காக முட்டை இடாது.

"அத்தை, இதுக்கு ஏக்கமெல்லாம் ஒண்ணுமில்ல. தொந்தி."

அத்தை வந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். "அட தின்னிப் பண்டாரமே" என்றாள். "உனக்காகவா நான் ராத்திரியெல்லாம் கண்ண முழிச்சு அழுதேன்?"

முதலில் தையல்காரம்மாதான் சிரித்தாள். பிறகு அத்தை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கூண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தமுறை அவனுக்குச் சிரிப்பு சரியான வழியாகவே வந்தது. தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்த கதையையும் சொன்னான். அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருந்தா..." என்று மூச்சு வாங்கினாள்.

"நீங்களும் கேட்டிருக்கலாம்."

"நான் எப்பிடிக் கேக்கறது? இருன்னு ஒரு வார்த்தை சொல்லாத வீட்ல, எத எடுத்துக் கேக்கறது?"

சிரிப்பு நின்றது. தையல்காரம்மாவின் தலை நிஜமாகவே இறங்கிப் போனது.

"அவன் போன்ல கேட்டானாம். அவங்க இஷ்டம்னு சொன்னீங்களாம்."

"ஆமா. உங்க இஷ்டம்னுதான் சொன்னேன்."

"என் இஷ்டம் என்னன்னு நீங்க கேட்டீங்களா மாப்ள?"

"கேக்கல."

கேட்கத்தான் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. மச்சானுக்கு ஹாரனை ஒருமுறை அடிக்கத் தெரியாது. தெருமுனையில் தொடங்கி வீட்டு வாசல்வரைக்கும் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வருவார். அத்தை எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துட்டான். சூடு ஆறறதுக்குள்ள அவனுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

மச்சான் உள்ளே வரும்போதே மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன மாப்ள, நம்ம தங்கச்சி ஐட்டம் மாதிரி வாசன வருது?" என்றவர், தட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். மெல்லுவது மெதுவானது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதும் அப்படியே போனது. அவ்வளவு நேரம் மச்சான் சத்தம் போடாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

"யாரு சுத்தினது?"

"நானும் அத்தையும்."

"ம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, வெயில்ல டயர் உருகுது. கிளம்பினாச் சரியா இருக்கும். அம்மா! பெட்டி இதுதானா?"

பெட்டியின் கயிற்றைப் பிடித்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அத்தை வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து, அவனைப் பார்க்காமல் செருப்பைத் தேடினாள். மச்சான் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார்.

மனைவியைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் இந்த வாசலில் இப்படித்தான் நின்றிருக்கிறான். அன்றைக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. யாரிடம் எதைக் கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இன்றைக்கு அப்படி இல்லை. இன்றைக்குக் கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அத்தை" என்றான்.

குரல் ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. மச்சான் பெட்டியோடு திரும்பினார். பெட்டி நிலைக்கதவில் இடித்தது.

"உங்க இஷ்டம் என்ன?"

அத்தைக்கு ஒரு செருப்பு கிடைத்தது.

"எனக்கு... நீங்க இருந்தாத்தான் எனக்குச் சௌகரியம்" என்றான். "அத மச்சான்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியல. இருங்க அத்தை. இங்கயே இருங்க."

அத்தை ஒரு செருப்பை மாட்டியிருந்தாள். அதைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். பிறகு மகனிடம் சொன்னாள்:

"அந்தப் பெட்டிய எடுத்த எடத்துல வை."

"என்னம்மா விளையாடறியா?" மச்சான் கத்தினார். "ரெண்டு சவாரிய விட்டுட்டு வந்திருக்கேன். உன் மருமக கட்டிலெல்லாம் நகத்திப் போட்டு, பிள்ளைங்கள ஹால்ல படுக்கச் சொல்லி..."

"கட்டில திருப்பி நகத்திக்கச் சொல்லு. பிள்ளைங்க அவங்க எடத்துல படுக்கட்டும்."

"பெத்த புள்ள நான் கூப்பிடறேன். வரமாட்டியா?"

"வருவேன்டா. பாக்க வருவேன். பேரப்பிள்ளைங்கள விட்டுட்டு எங்க போவேன்? ஆனா உன் வீட்ல அவ பேச்சை எடுத்தா நீ அழுவே. நீ அழறதப் பாத்து உன் பொண்டாட்டி அழுவா. நான் பேச்சை முழுங்கிக்கணும். இவரு சண்டைக்கு வராரு. எனக்கு அது தேவலாம்."

மச்சான் அவனைப் பார்த்தார். "நீங்களா? சண்டையா? எங்க அம்மாகிட்டயா?"

"மெல்லிசா சுத்தறாங்க மச்சான்" என்றான் அவன்.

மச்சான் கொஞ்ச நேரம் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார். சிரிக்கிறதா கோபிக்கிறதா என்று அவருக்கே பிடிபடவில்லை. கடைசியில் பெட்டியைக் கொண்டுபோய் உள்ளறையில் தொம்மென்று போட்டார். "போன்லயே இத முடிச்சிருந்தா எனக்கு ரெண்டு சவாரி மிஞ்சியிருக்கும்ல? நல்ல குடும்பம்யா" என்று முனகிக்கொண்டே வந்தார். ஆனால் தோள் லேசாகியிருந்தது தெரிந்தது. அம்மாவின் தலையில் கையை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டு எடுத்தார். தட்டில் இருந்ததில் பாதியைப் பிள்ளைகளுக்கு என்று பேப்பரில் கட்டிக்கொண்டார். வேன் தெருமுனை திரும்புகிறவரை ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்தது. அத்தை மேசைக்கு இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தாள். அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மீதியிருந்த சட்டை முட்டைகளை ஆளுக்குச் சரிபாதியாகப் போட்டாள். சாப்பிட்டார்கள். பேக்கரிக்காரர் மகளிடம் ஒருதடவை முட்டைக்குக் காலுறை எப்போது போடுவாய் என்று கேட்ட கதையை அத்தை சொன்னாள். அவன் அதை இதுவரை கேட்டதில்லை. அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டான். அத்தை அதையும் சொன்னாள். இன்னும் கேட்டான். இருட்டத் தொடங்கியபோதுதான் விளக்குப் போடவில்லை என்பது தெரிந்தது.

அவன் எழுந்து விளக்கைப் போட்டான். சமையலறை போர்க்களமாகக் கிடந்தது. மாவு, முட்டை ஓடு, எண்ணெய்ப் பிசுக்கு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சட்டியில் கை வைத்தான். மேசையிலிருந்து எழுந்திருக்காமலே அத்தை குரல் கொடுத்தாள்.

"விடுங்க மாப்ள, சட்டி எங்கயும் ஓடிடாது. நாளைக்குத் தேய்ச்சுக்கலாம்."